டிக்கெட் ஒரு விலை, கட்டுவது வேறு விலை: உங்களுக்குத் தெரியுமா?

80 டாலர் டிக்கெட்டுக்கு 92 டாலர் கட்டணம்

இங்கிலாந்தின் 'தி க்யூர்' ராக் குழு 2023இல் அமெரிக்கா முழுவதும் சுற்றிப் பாடக் கிளம்பியது. விலை விஷயத்தில் பாடகர் ராபர்ட் ஸ்மித் முதலிலிருந்தே கறாராக இருந்தார். கூட்டம் கூடக்கூட ஏறும் விலை வேண்டாம், காசு குறைவாக வைத்திருப்பவர்களும் வர வேண்டும் என்று சொல்லி, சில ஊர்களில் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார்கள். விற்பனை டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரு ரசிகர் 20 டாலர் டிக்கெட் நான்கு எடுத்துவிட்டு ரசீதைப் பார்த்தார். டிக்கெட்டுக்கு 80 டாலர். சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம், ஆர்டர் கட்டணம் என்று அதன் மேல் ஏறியிருந்தது 92 டாலர் 10 சென்ட். ரசீது இணையத்தில் பரவ, ஸ்மித் நிறுவனத்தைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். சில நாட்களில் மலிவு டிக்கெட் எடுத்தவர்களுக்கு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திரும்பி வந்தது. ஒரு பாடகர் குரலை உயர்த்தியதும் குறைகிற தொகை தவிர்க்க முடியாத செலவாக இருந்திருக்க முடியாது.

அந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது?

டிக்கெட்மாஸ்டர் 1976இல் அரிசோனாவில் பல்கலைக்கழக வட்டத்தில் பிறந்த சின்ன கம்ப்யூட்டர் நிறுவனம். அந்தக் காலத்தில் அமெரிக்க டிக்கெட் விற்பனையில் பெரிய கை டிக்கெட்ரான். 1982இல் ஃபிரெட் ரோசன் என்ற வழக்கறிஞர் டிக்கெட்மாஸ்டரின் தலைமைக்கு வந்தார். அவர் அரங்க முதலாளிகளிடம் வேறொரு கணக்கைக் கொண்டுபோனார். ரசிகரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவோம், அதில் உங்களுக்கும் ஒரு பங்கு. பல ஆண்டுகளுக்கு எங்கள் வழியாக மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் போட்டால் முன்பணமும் தருவோம். அரங்கங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. 1991இல் டிக்கெட்மாஸ்டர் டிக்கெட்ரானையே வாங்கிவிட்டது.

இன்றும் கட்டணத்தின் அடித்தளம் இதுதான். யார் வழியாக டிக்கெட் விற்பது என்று முடிவு செய்வது அரங்கம்; காசு கட்டுவது ரசிகர். கட்டணம் கூடினால் அரங்கத்தின் பங்கும் கூடும். இன்னொரு நிறுவனம் வந்து பாதிக் கட்டணத்தில் விற்றுத் தருகிறேன் என்றால் அரங்கத்துக்கு அதில் என்ன லாபம்? விற்பனை நிறுவனங்கள் போட்டி போடுவது உண்மைதான். ஆனால் அந்தப் போட்டி அரங்கத்தை வளைக்கத்தான், ரசிகரின் செலவைக் குறைக்க அல்ல. கட்டணத்தைப் பார்த்து எரிச்சல்படும்போது திட்டு முழுவதும் விற்பனைத் தளத்துக்குப் போகிறது. பங்கு வாங்குகிற மற்றவர்களின் பெயர் ரசீதில் வருவதே இல்லை.

நூற்றுக்கு இருபத்தேழு

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் விற்பனையில் டிக்கெட் விலையின் மேல் சராசரியாக 27% கட்டணம் ஏறியது. மறுவிற்பனைத் தளங்களில் 31%.

20 டாலரைத் தாண்டக் கூடாது என்ற குழு

1994இல் பேர்ல் ஜாம் குழு புகழின் உச்சியில் இருந்தது. டிக்கெட் 18 டாலர், கட்டணம் 1 டாலர் 80 சென்ட், ஆக மொத்தம் 20க்குள் அடங்க வேண்டும் என்று நின்றார்கள். டிக்கெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குழு அந்தக் கோடைச் சுற்றுப்பயணத்தையே கைவிட்டு, அமெரிக்க நீதித்துறையிடம் ஏகபோகப் புகார் கொடுத்தது. ஜூன் 30 அன்று கிட்டார் கலைஞர் ஸ்டோன் கோஸார்டும் பாஸ் கலைஞர் ஜெஃப் ஏமென்ட்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். 1995 ஜூலையில் நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. வேறொரு விற்பனை நிறுவனத்தை வைத்து, பெரிய அரங்கங்களை விட்டு ஒதுங்கி நிகழ்ச்சி நடத்திப் பார்த்தார்கள். முடியவில்லை. 1998இல் மறுபடியும் டிக்கெட்மாஸ்டர் வழியாகவே டிக்கெட் விற்றார்கள். உலகம் முழுக்கக் கொண்டாடிய ஒரு குழுவால் நான்கு வருடம் போராடியும் அசைக்க முடியாத ஏற்பாட்டை ஒற்றை ரசிகர் எப்படி எதிர்த்து நிற்பார்?

நிகழ்ச்சியும் அவர்களுடையது, டிக்கெட்டும் அவர்களுடையது

2010இல் டிக்கெட்மாஸ்டரும், உலகின் மிகப் பெரிய நிகழ்ச்சி அமைப்பாளரான லைவ் நேஷனும் ஒன்றாயின. கலைஞரைச் சுற்றுக்கு அழைத்துச் செல்பவர், பல அரங்கங்களை நடத்துபவர், டிக்கெட் விற்பவர் மூவரும் ஒரே வீட்டுக்குள் வந்தார்கள். நிபந்தனைகளோடு இந்த இணைப்புக்கு அனுமதி கொடுத்த அதே நீதித்துறை, 2024 மே மாதம் இரண்டையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டது. அதற்கான அழுத்தம் 2022 நவம்பரில் தொடங்கிவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஈராஸ் சுற்றுக்கான முன்விற்பனை நாளில் டிக்கெட்மாஸ்டர் தளத்துக்கு வந்த கோரிக்கைகள் 350 கோடி. தளம் திணறியது, பொது விற்பனையே ரத்தானது. இரண்டே மாதத்தில் செனட் குழு விசாரணை நடத்தியது. 2024 டிசம்பரில் முடிந்த அந்தச் சுற்றின் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது. பார்த்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் டிக்கெட் ஒன்றுக்குச் சராசரி சுமார் 204 டாலர்.

1965க்கும் இன்றைக்கும்

நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் பாடியபோது ஏறத்தாழ 5 டாலருக்கு டிக்கெட் கிடைத்தது. விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் 2024இன் 50 டாலர். 2024இல் உலகின் முதல் 100 சுற்றுப்பயணங்களின் சராசரி டிக்கெட் விலை, போல்ஸ்டார் இதழின் கணக்குப்படி, சுமார் 136 டாலர்.

கலைஞர்கள் ஏன் விலையை ஏற்றினார்கள்?

பொருளாதாரப் பேராசிரியர் ஆலன் க்ரூகர் இதை ஆராய்ந்தார். 1996 முதல் 2003 வரை அமெரிக்காவில் கச்சேரி டிக்கெட்டின் சராசரி விலை 82% ஏறியது. பொது விலைவாசி ஏறியது 17%தான். முன்பெல்லாம் கச்சேரி என்பது இசைத்தட்டை விற்க ஒரு வழி. டிக்கெட் மலிவாக இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வீட்டுக்குப் போகும் வழியில் தட்டு வாங்கும். இணையத்தில் பாட்டு இலவசமாக இறங்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு உடைந்தது. மேடையே முழுச் சம்பாத்தியத்தையும் தர வேண்டியதாயிற்று. பாட்டுக்குத் தனியாகக் காசு கேட்க முடியாத காலம் வரும், சுற்றுப்பயணம் மட்டுமே மிஞ்சும் என்று பாடகர் டேவிட் போவி 2002இலேயே எச்சரித்திருந்தார். அதனால் க்ரூகர் இந்த விளக்கத்துக்குப் போவியின் பெயரையே வைத்தார்.

விலை ஏறியதற்கு இது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன். கலைஞரும் பின்னால் நிற்கும் நூறு தொழிலாளர்களும் பிழைக்க வேண்டும். அந்தத் தொகையை டிக்கெட் விலையிலேயே நேராகச் சொல்லி வாங்கட்டும். பணம் கட்டும் திரையில் கடைசியாக வந்து குதிக்கும் கட்டணத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

கட்டணம் ஏன் கடைசித் திரையில் வருகிறது?

இதற்குச் சோதனையே நடத்தியிருக்கிறார்கள். ஸ்டப்ஹப் என்ற அமெரிக்க மறுவிற்பனைத் தளம் 2014இல் எல்லாக் கட்டணமும் சேர்த்த விலையை முதல் திரையிலேயே காட்டத் தொடங்கியது. போட்டித் தளங்கள் கட்டணத்தை மறைத்து மலிவாகத் தெரிந்ததால் ஸ்டப்ஹப்பின் வியாபாரம் சரிந்தது. 2015இல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முழு விலை முதலிலேயே. மறுபாதிக்குக் கட்டணம் கடைசியில். மறைத்துக் காட்டப்பட்டவர்கள் சுமார் 21% அதிகம் செலவழித்தார்கள். வாங்கி முடிப்பதற்கான வாய்ப்பும் 14% கூடியிருந்தது. இன்னும் முன்வரிசை, இன்னும் விலை கூடிய இருக்கை என்றும் போனார்கள். தளம் பழைய முறைக்கே திரும்பிவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வரிசையில் காத்திருந்து, இருக்கை தேர்ந்து, கூட வருகிறவர்களிடம் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று சொல்லியும் முடித்தபின் யாரும் திரும்பிப் போக விரும்புவதில்லை. திரையின் மூலையில் வேறு நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்து மனநிலைக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

ஒரு கம்பெனி மட்டும் நேர்மையாக இருந்தால் அந்தக் கம்பெனி தோற்கும். எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால்தான் இது மாறும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் அந்த விதி வந்துவிட்டது. நிகழ்ச்சி டிக்கெட்டின் விலையைக் காட்டும் இடத்திலேயே கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத்தைக் காட்ட வேண்டும். கட்டணம் குறையவில்லை; ஒளிந்துகொள்ள இடம் இல்லை, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

வரிசையில் நிற்கும்போதே மாறிய விலை

2024 ஆகஸ்ட் 31 அன்று ஓயசிஸ் குழுவின் மறுவருகைக்காக பிரிட்டனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது. சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கே 355 பவுண்டைப் பார்த்தார்கள். யோசிக்கக் கிடைத்தது சில நிமிடம். பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்தது. நொடிக்கு நொடி விலையை ஏற்றும் மென்பொருள் எதுவும் அங்கே இல்லை. மலிவு அடுக்கு தீர்ந்ததும் விலை கூடிய அடுக்கு திறந்தது, இரண்டு அடுக்கு இருப்பதை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே அது கண்டது. அடுக்கு விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே தெரிவிப்போம் என்று டிக்கெட்மாஸ்டர் 2025 செப்டம்பரில் உறுதி கொடுத்தது.

ஒரு நிமிடத்தில் 1,012

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2016இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இரண்டு எண்கள் என்னை உலுக்கின. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கவிருந்த யு2 குழுவின் நிகழ்ச்சிக்கு ஒரே தரகர், தானியங்கி மென்பொருளை வைத்து, ஒரு நிமிடத்தில் 1,012 டிக்கெட்டுகளை அள்ளியிருக்கிறார். இன்னொன்று: அவர்கள் ஆராய்ந்த பெரிய கச்சேரிகளில் பொதுமக்களுக்கு என்று விற்பனைக்கு வந்தது சராசரியாக 46% டிக்கெட்தான். மீதி, குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கான முன்விற்பனைக்கும் உள்வட்டத்து ஆட்களுக்கும் முன்பே போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, எத்தனை டிக்கெட் தீர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

அதே 2016 டிசம்பரில் இத்தகைய மென்பொருளுக்கு எதிராக அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன்படி முதல் நடவடிக்கை எடுக்க 2021 ஆனது.

கூடுதல் விலை டிக்கெட்டுக்கு வயது 170க்கு மேல்

ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் 1850இல் அமெரிக்கா வந்தபோது அமைப்பாளர் பி.டி.பார்னம் நியூயார்க்கின் முதல் கச்சேரிக்கு டிக்கெட்டை ஏலம் விட்டார். முதல் டிக்கெட்டை ஜெனின் என்ற தொப்பி வியாபாரி 225 டாலருக்கு எடுத்தார். ஊரெல்லாம் அவர் பெயர் பரவி, தொப்பி வியாபாரம் கொழித்தது. 1867இல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதைகளை மேடையில் வாசிக்க அமெரிக்கா போனார். 2 டாலர் டிக்கெட்டுகளைத் தரகர்கள் இரவெல்லாம் ஆட்களை வரிசையில் நிறுத்தி வாங்கிப் பல மடங்குக்கு விற்றார்கள்.

999 ஆண்டு டிக்கெட்

லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலைக் கட்டப் பணம் திரட்டியபோது இருக்கை ஒன்றுக்கு 100 பவுண்டு வாங்கிக்கொண்டு 999 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1871இல் திறந்த அந்த அரங்கின் ஐயாயிரத்துச் சொச்ச இருக்கைகளில் சுமார் கால்வாசி இன்றும் தனியார் கையில் இருக்கிறது. பல நிகழ்ச்சிகளுக்கு அந்த இருக்கைகளின் உரிமையாளர்கள் தங்கள் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கலாம். அதன் மேல் நீண்ட நாள் சச்சரவும் உண்டு. அதே அரங்கில் கோடைதோறும் நடக்கும் பி.பி.சி. ப்ராம்ஸ் இசை விழாவில் நின்று கேட்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கு வாங்கலாம். 1895இல் விழா தொடங்கியபோது 1 ஷில்லிங். 2024இல் 8 பவுண்டு. உலகின் சிறந்த இசைக்குழுக்களை மேடைக்கு மிக அருகில் நின்று கேட்க அவ்வளவுதான் செலவு.

மும்பையில் கோல்ட்ப்ளே

கோல்ட்ப்ளே ராக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பர் 22 மதியம் 12 மணிக்கு விற்பனை திறந்தது. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம், 2025 ஜனவரியில் மூன்று இரவுகள், டிக்கெட் 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் புக்மைஷோ தளத்தில் முண்டியடித்தார்கள். வரிசையில் லட்சங்களில் எண் கிடைத்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுக்கு லட்ச ரூபாய்க் கணக்கில் விலை எழுதியிருந்தது. போலீஸ் விசாரணை, அமலாக்கத் துறைச் சோதனை எல்லாம் நடந்தன. பொதுநல வழக்கும் போடப்பட்டது. இதற்குச் சட்டம் செய்வது அரசின் வேலை என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த வேலையை அரசு செய்யட்டும் என்றுதான் கேட்கிறேன்.

முன்மாதிரிக்கு வெகு தூரம் போக வேண்டாம். ஜப்பானில் 2019 ஜூன் முதல் அமைப்பாளரின் அனுமதியில்லாமல் டிக்கெட்டை விலைக்கு மேல் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம். அங்கே பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கல் முறையும் வழக்கம். வேகமான இணையம் வைத்திருப்பவர் முந்திக்கொள்ள முடியாது. தைவான் 2023இல் டிக்கெட் விலையைப்போல் 10 முதல் 50 மடங்கு அபராதம் கொண்டுவந்தது. அயர்லாந்து 2021இலேயே தடுத்துவிட்டது. தடை வரும் என்று பிரிட்டனும் 2025 நவம்பரில் அறிவித்தது.

499க்கும் 501க்கும் நடுவில்

இந்தியாவில் 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18%. புக்கிங் கட்டணத்துக்குத் தனியாக 18%. இந்த 500 ரூபாய் வரம்பு வைத்தது 2018 ஜனவரியில். அதன்பின் எல்லா விலையும் ஏறிவிட்டது, வரம்பு அங்கேயே நிற்கிறது.

இன்னொன்று. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வழியாகப் பணம் வாங்கும் வணிகரிடம் வங்கி கட்டணம் பிடிக்கக் கூடாது. ஐந்து டிக்கெட்டை ஒரே முறையில் எடுத்தால் தளத்துக்கு நடப்பது ஒரே பரிவர்த்தனை. ஆனால் பல தளங்களில் கன்வீனியன்ஸ் ஃபீஸ் டிக்கெட்டுக்குத் தலா ஒன்றாக ஐந்து முறை ஏறுகிறது. கவுன்ட்டரே வைக்காமல் ஆன்லைனில் மட்டும் விற்கும் நிகழ்ச்சியில் ரசிகருக்கு வேறு வழியும் கிடையாது. வேறு வழியே இல்லாத ஒன்றுக்கு வசதிக் கட்டணம் கேட்பது நியாயமில்லை.

ஐந்து டாலர் குழு

வாஷிங்டனின் ஃபுகாஸி குழு ஆண்டுக்கணக்கில் நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. கிரேட்ஃபுல் டெட் குழு 1983 முதல் தபால் மூலம் தானே டிக்கெட் விற்றது. ரசிகர்கள் மணியார்டர் வைத்த உறைகளில் ஓவியம் தீட்டி அனுப்பினார்கள். கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் வழி இன்னும் எளிது: தேவை தீரும் வரை இரவுகளைக் கூட்டிக்கொண்டே போவார். டப்ளின் குரோக் பார்க்கில் 2014இல் ஐந்து நிகழ்ச்சிக்கு 4 லட்சம் டிக்கெட் விற்றபின் மாநகராட்சி மூன்றுக்குத்தான் அனுமதி தந்தது. ஒரு பகுதியினரை ஏமாற்ற மாட்டேன் என்று ஐந்தையும் ரத்து செய்தார். 2022இல் திரும்பி வந்து ஐந்து இரவும் பாடினார்.

தமிழ்நாட்டில்

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு டிக்கெட் இல்லை. சென்னையின் டிசம்பர் சீசனில் பல சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்கும் இல்லை. அங்கே பாடும் இளம் கலைஞருக்குக் கிடைப்பதும் சொற்பம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; ரசிகருக்கு இலவசமானதன் செலவை யாரோ ஒருவர் ஏற்கிறார்.

மறு எல்லையில், 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, கையில் டிக்கெட் வைத்திருந்தும் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே மறுநாள் கேட்டுக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது.

1915 என்ற எண்

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய உத்திகளை ஏமாற்று முறைகளாகப் பட்டியலிட்டது. விலையின் ஒரு பகுதியை மறைத்துக் கடைசியில் காட்டுவது அதில் ஒன்று. கேட்காமலே நன்கொடையைக் கூடையில் சேர்ப்பது இன்னொன்று. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பது மூன்றாவது. ஆகவே முதல் திரையில் தெரியும் விலையையும் கடைசித் திரையில் கேட்கும் தொகையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி ரத்தானால் புக்கிங் கட்டணமும் திரும்புமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். பணம் கட்டுமுன் அந்த விதியைத் தேடிப் படியுங்கள். புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.